நூறு லாச்சி

கல்முனைக் கடைத்தெரு. புடவைக்கடைக்கு மேல் மாடி.
எங்கள் கம்பனியில் மொத்தம் ஏழு கதிரை.
ஏழாவதற்கு ஆள் தேடி நேர்முகம்.

படிவத்தில் கல்வித் தகைமை என்ற கட்டத்துக்குள்
அவள் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தாள்,
பேனா இரண்டு தரம் போய்வந்த கோடு.
வெறுமனே விட்டால்
மறந்துபோனாள் என்று நினைத்துவிடுவோமாம்.

றினோஸா. சம்மாந்துறை.
உயர்தரத்தில் கணிதம், இரண்டு தரம்.
இரண்டாம் தரம் இசட் புள்ளி
தசமத்துக்குப் பின் மூன்றாம் இலக்கத்தில் காலை வாரியது.
நான் ஒலுவிலுக்குள் நுழைந்ததும்
அப்படியொரு மூன்றாம் இலக்கத்தில்தான்.
அதை அங்கே நான் சொல்லவில்லை.

மாமாவின் அரிசி மில்லில் கணக்கெழுதப் போனவள்,
லொறி லொறியாய் வரும் நெல்லுக்கு
ஈரப்பதம் கழித்து எடை போடும் மென்பொருளை
ஷிப்ட் கட்டை வேலைசெய்யாத மடிக்கணினியில்
எழுதி முடித்திருக்கிறாள்.
"இரவு டேட்டா பன்னிரண்டுக்குத் தொடங்கும் சேர்,
சுபஹு பாங்கு கேட்டா மூடிப்போடுவன்."

நான் கேட்டேன்,
என் மூன்றாம் வருடப் பரீட்சையில் வந்த அதே கேள்வியை:
ஹாஷ் டேபிள் என்றால் என்ன?

"தெரியா சேர்."

பக்கத்திலிருந்த பணிப்பாளர்
பேனாவை மூடினார்.

அந்த மூடி சொடுக்கிய சத்தத்துக்குத்தானோ என்னவோ
அவளாகவே பேசத் தொடங்கினாள்:
போகம் வெட்டுற நேரம் லொறி கூடிப்போச்சு,
ஒரு லொறியத் தேட
பட்டியல முதல்லயிருந்து பாக்க வேண்டிவந்திச்சு,
வாசல்ல ட்ரைவர்மார் ஏசுறாங்க.
அதால நூறு லாச்சி செஞ்சன்.
நம்பர் பிளேட்டுட கடைசி ரெண்டு இலக்கம் எதுவோ
அந்த லாச்சிக்குள்ள போடுவன்.
தேடக்குள்ள அந்த ஒண்ட மட்டும் திறந்தாப் போதும்.

எனக்குத் தொண்டை காய்ந்தது.

ஒரே இலக்கத்தில் இரண்டு லொறி வந்தால்?
"ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, அதே லாச்சிக்குள்ள."
எல்லாமே ஒரே லாச்சிக்குள் விழுந்தால்?

நிறுத்தினாள்.
கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம்.
"விழல்ல சேர்… ஆனா விழலாம்."
கைப்பையைத் திறந்து கொப்பி எடுத்தாள்.
"அதுக்குப் பேர் இரிக்கா?"

இருக்கிறது. சொன்னேன்.
அவள் செய்ததற்கும் பேர் இருக்கிறது என்றேன்,
இப்போது நான் கேட்டேனே, அதுதான்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
கோபம்தான் வந்தது அவளுக்கு.

"பேர் தெரிஞ்சிருந்தா தேடியிருப்பன் சேர்.
பதினொரு ராவு போச்சு எனக்கு."

பதினொரு இரவு.
அதற்கு வரைவிலக்கணம் எழுதி நான் எடுத்தது
இருபதுக்குப் பதினெட்டு.
விரிவுரை மண்டபத்தில் பெயர்களை
வாங்கி வாங்கி அடுக்கினேன்,
திறப்புக் கோர்வை மாதிரி.
எந்தக் கதவுக்கென்று எவரும் கேட்கவில்லை,
நானும்தான்.
அவளோ கையில் ஒரு திறப்பும் இல்லாமல்
கூரையைப் பிரித்து இறங்கியிருக்கிறாள்.

ஆனாலும், அவளுடைய நூறு லாச்சி
பத்தாயிரம் லொறிக்குத் தாங்காது.
ஏனென்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.
இதையும் எழுதத்தான் வேண்டும்,
இல்லாவிட்டால் இது வெறும் புகழ்ச்சி.

பணிப்பாளர் பட்டச் சான்றிதழின் பிரதி கேட்டார்.
கட்டத்துக்குள் இருக்கும் கோட்டை
விரலால் தொட்டுக் காட்டினாள்.
அறிவிக்கிறோம் என்றார். போய்விட்டாள்.
எடுக்கலாம் என்று நான் எழுதிய குறிப்பு
இன்னும் அவர் மேசையில், கண்ணாடிக் குற்றிக்கு அடியில்.

அன்றிரவு பாண்டிருப்பில், என் அறையில்,
எந்த நூலகத்தையும் அழைக்காமல்
நூறு லாச்சி செய்யத் தொடங்கினேன்,
வாழ்க்கையில் முதல் தரம்.
கூகுளைத் திறப்பதில்லை என்று
எனக்கு நானே ஒரு சத்தியம்.

பன்னிரண்டானது. ஒன்றேமுக்காலானது.
நூறு லொறியை உள்ளே விட்டு
எண்ணிப் பார்த்தேன்.

தொண்ணூற்றொன்பது.

ஒரு லொறியைக் காணவில்லை.
நெல்லோடு எங்கோ நிற்கிறது.